என். மீனாட்சி

1998-ஆம் வருடம், ஐப்பசி மாதம். மதுரை தல்லாகுளத்தில், கோர்ட்டுக்கு எதிர்வரிசையில் இருந்த ஒரு ஜாப் டைப்பிங் கடையில் அப்போது நான் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். வக்கீல் குமாஸ்தாக்கள் கிறுக்கிக் கொண்டுவருவதைப் பார்த்துத் தமிழிலும் இங்கிலீஷிலும் அடித்துக் கொடுக்கிற வேலை. பிழை இல்லாமல் அடிப்பேன் என்று பெயர் வாங்கியிருந்தேன். அந்தக் கர்வம் எனக்குக் கொஞ்சம் அதிகமாகவே உண்டு.

இந்த மாதிரி அனுபவம் எழுதும்போது யார் பெயரையும் சொல்லாமல் இருப்பதுதான் நல்லது. ஆனால் என் பெயரை மட்டும் சொல்லியே ஆக வேண்டும், விஷயமே அதில்தான் இருக்கிறது. மீனாட்சி. சொன்னதால் ஒன்றும் குடிமுழுகிப் போகாது. மதுரையில் எந்தத் தெருவில் நின்று மீனாட்சி என்று கூப்பிட்டாலும் நாலு வாசலில் இருந்து எட்டிப் பார்ப்பார்கள்.

எங்கள் குடும்பத்திலேயே இரண்டு பேர். நான் ஒருத்தி, என் சித்தப்பா மகள் ஒருத்தி. வீட்டில் என்னைப் பெரியவள் என்றும் அவளைச் சின்னவள் என்றும் கூப்பிடுவார்கள். என் அப்பா பெயரும் சித்தப்பா பெயரும் ஒரே எழுத்தில் தொடங்கியதால் எங்கள் இனிஷியலும் ஒன்றுதான். பள்ளிக்கூடத்தில் அவளும் என். மீனாட்சி, நானும் என். மீனாட்சி. அவள் எனக்கு ஆறு வகுப்பு கீழே படித்ததால் பரீட்சைத்தாள் மாறாமல் தப்பித்தது.

அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் மூத்தவர் எங்கள் அத்தை. தலைமை ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். அவருக்குக் கல்யாணம் நடக்கவில்லை. மூல நட்சத்திரம், மாமனாருக்கு ஆகாது என்று வந்த வரன் எல்லாம் வாசலோடு போய்விட்டதாம். அத்தை அதைப் பற்றிப் பேசவே மாட்டார். சிக்கனமாக இருந்து தல்லாகுளத்திலேயே மாடி வைத்த வீடு கட்டினார், வங்கியிலும் டெபாசிட் போட்டிருந்தார். அன்றைய விலைக்கு எல்லாம் சேர்த்தால் பத்து லட்சத்துக்குக் குறையாது. மாதம் ஆயிரத்து இருநூறு ரூபாய் சம்பளம் வாங்கிய எனக்கு, அந்தத் தொகையில் எத்தனை சைபர் என்றே யோசித்துத்தான் சொல்ல வேண்டியிருக்கும்.

கடைசி இரண்டு வருடம் அத்தைக்கு ஒரு பக்கம் கை கால் விழுந்துவிட்டது. நான்தான் பார்த்துக்கொண்டேன். எங்கள் வாடகை வீடு இரண்டு தெரு தள்ளி இருந்ததால் காலையில் வேலைக்குப் போகும் முன்பும் சாயங்காலம் கடை முடிந்தும் போவேன். என்னைத் தியாகி என்று நினைத்துவிடாதீர்கள். முணுமுணுத்துக்கொண்டேதான் செய்தேன். அத்தையும் லேசுப்பட்டவர் இல்லை. படுத்த படுக்கையிலும், நான் போர்வையை மடிக்கும் விதம் சரியில்லை என்று கண்ணாலேயே சொல்லிவிடுவார்.

புரட்டாசியில் அத்தை போய்விட்டார். பதினாறாம் நாள் காரியம் முடிந்து பந்தி எடுத்த பிறகு, சித்தப்பா பீரோவில் இருந்து பதிவு செய்த உயில் ஒன்றை எடுத்து வாசித்தார். "எனது இளைய சகோதரர் மகள் என். மீனாட்சிக்கு" வீடும் டெபாசிட்டும் சேர வேண்டும் என்று இருந்தது. அத்தைக்கு அப்பாவும் இளையவர், சித்தப்பாவும் இளையவர். ஆனாலும் கூடத்தில் இருந்த அத்தனை பேரும் என்னைத்தான் திரும்பிப் பார்த்தார்கள். சித்தப்பாவே என் கையில் அந்தக் காகிதத்தைக் கொடுத்து, உனக்குத்தான்ம்மா, பார்த்ததுக்குப் பலன் என்றார். சின்னவள் எச்சில் இலை எடுத்த கையோடு வாசல்படியில் நின்றுகொண்டிருந்தாள்.

எனக்கு ஒரு துளி சந்தேகமும் வரவில்லை. உண்மையைச் சொன்னால், வந்துவிடக் கூடாது என்று உள்ளுக்குள் ஒரு கதவைச் சாத்தி வைத்திருந்தேனோ என்னவோ. எங்கள் வாடகை வீட்டுச் சொந்தக்காரம்மா தன் மகள் கல்யாணத்துக்காகத் தைக்குள் வீட்டைக் காலி பண்ணச் சொல்லியிருந்தார். இரண்டு பிள்ளைகளோடு அட்வான்ஸுக்கு எங்கே போவது என்று முழித்துக்கொண்டிருந்த நேரம். அத்தை வீட்டின் முன்னறையில் சொந்தமாக இரண்டு மெஷின் போட்டு உட்கார்ந்தால் எப்படி இருக்கும் என்று நான் மனசுக்குள் மேசை நாற்காலிகூடப் போட்டாகிவிட்டது. என் வீட்டுக்காரர் ஒரு படி மேலே போய், டேப் கொண்டுவந்து அந்த அறையை அளந்தே விட்டார்.

வீட்டு வரியை என் பெயருக்கு மாற்றுவதற்காக உயில், இறப்புச் சான்றிதழ், ரேஷன் கார்டு எல்லாம் எடுத்துக்கொண்டு கார்ப்பரேஷன் ஆபீஸுக்குப் போனேன். அங்கே இருந்த கிளார்க் பொறுமையான மனிதர். காகிதங்களை ஒவ்வொன்றாகப் புரட்டிவிட்டு, ரேஷன் கார்டில் ஆர். மீனாட்சி, உயிலில் என். மீனாட்சி, இரண்டும் ஒரே ஆள் என்று ஒரு அபிடவிட் வேண்டும் என்றார். கல்யாணமானதும் வீட்டுக்காரர் எழுத்துக்கு மாறியதுதான் அந்த ஆர். இவ்வளவுதானே, தினம் அதைத்தான் சார் பத்து அடிக்கிறேன் என்று சிரித்தேன். அவரும் சிரித்துக்கொண்டே தேதியைப் பார்த்தார்.

"உயில் தொண்ணூத்தி மூணுல எழுதியிருக்கு. அப்பவே ஒங்களுக்குக் கல்யாணம் ஆயிருச்சுல்ல? பொறகு எதுக்கும்மா அப்பா இனிஷியலப் போட்டாங்க?"

அவர் எதையும் துருவவில்லை. சும்மா பேச்சுக்குக் கேட்டதுதான். எனக்கு எண்பத்தெட்டிலேயே கல்யாணம் ஆகிவிட்டது. பழக்க தோஷம் சார் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். சொன்ன பிறகுதான் அந்த வார்த்தை எனக்கே உறுத்தியது.

ஏனென்றால் எங்கள் அத்தைக்குப் பழக்க தோஷம் என்ற ஒன்றே கிடையாது. முப்பது வருடம் பள்ளிக்கூடத்து ரிஜிஸ்டரில் பெயரும் இனிஷியலும் எழுதிய கை அது. கல்யாணமான புதிதில் நான் அத்தைக்கு ஒரு இன்லண்ட் லெட்டர் போட்டேன். அனுப்புநர் இடத்தில் பழைய இனிஷியலையே எழுதிவிட்டேன். அடுத்த முறை போனபோது, அத்தை அந்த லெட்டரை எடுத்து என் முன்னால் வைத்து, சிவப்பு மையில் என்-ஐ அடித்து ஆர் என்று திருத்திக் காட்டினார். லெட்டருக்குள் நான் என்ன எழுதியிருந்தேன் என்பதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

கடைக்குத் திரும்பி மெஷினில் ஸ்டாம்ப் பேப்பரைச் சொருகினேன். வாசகம் எனக்கு மனப்பாடம். "என். மீனாட்சி, ஆர். மீனாட்சி ஆகிய மேற்படி இரு பெயர்களும் ஒரே நபரான என்னையே குறிக்கும்." விரல் தானாக அடித்தது. அதற்கு அடுத்த வரி, "மேலே கண்டவை அனைத்தும் உண்மை என உறுதி கூறுகிறேன்." எத்தனையோ பேருக்கு அடித்துக் கொடுத்த வரிதான். அன்றைக்கு 'உண்மை' என்ற சொல்லில் விரல் நின்றுவிட்டது. ஒருவழியாக அடித்து முடித்தேன், கையெழுத்துப் போடவில்லை. நோட்டரி சாப்பிடப் போயிருக்கிறார் என்று எனக்கு நானே சாக்குச் சொல்லி, அதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகப் பரணில் இருந்து எவர்சில்வர் குடத்தை இறக்கினேன். என் வளைகாப்புக்கு அத்தை கொடுத்தது. நம் ஊரில் பாத்திரத்தில் பெயர் வெட்டாமல் கொடுத்தால் கொடுத்த மாதிரியே இருக்காதே. கழுத்துக்குக் கீழே புள்ளி புள்ளியாக வெட்டியிருந்த எழுத்தைத் துணியால் துடைத்துப் பார்த்தேன். ஆர். மீனாட்சி. வருடம் எண்பத்தொன்பது. பாத்திரக்கடையில் வெட்டுகிற ஆளிடம்கூட என் இனிஷியலைச் சரியாகச் சொல்லியிருக்கிறார். அப்படிப்பட்டவர் நாலு வருடம் கழித்து, ரிஜிஸ்டர் ஆபீஸில் வைத்து, பத்திரத்தில் தப்பாகச் சொல்லியிருப்பாரா?

தொண்ணூற்று மூன்றில் எங்கள் குடும்பத்தில் என். மீனாட்சி என்று ஒருத்திதான் இருந்தாள். சின்னவள். அவளுக்கும் மூல நட்சத்திரம். அப்போது அவளுக்கு வயது இருபத்தைந்து, பெண் பார்க்க வந்தவர்கள் எல்லாம் பஜ்ஜியைத் தின்றுவிட்டுப் போனதோடு சரி. தன்னைப் போலவே இவளும் தனியாக நின்றுவிடுவாளோ என்று அத்தை பயந்திருக்கிறார். அதுதான் உயில். அதற்கு இரண்டு வருடம் கழித்து அவளுக்கு எப்படியோ கல்யாணம் ஆகி, கப்பலூருக்குப் போய் அவளும் கே. மீனாட்சி ஆகிவிட்டாள். குடத்தைக் கவிழ்த்து வைத்து அதன் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டேன்.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் குடத்தை நிமிர்த்தி அந்த எழுத்தைத் தடவிப் பார்த்தார். பிறகு சொன்னார்.

"ரெண்டு வருசம் அள்ளிக் கொட்டுனது நீ. இப்ப ஒத்த எழுத்துக்காகத் தூக்கிக் குடுத்துருவியா?"

அவர் கேட்டதில் தப்பு இல்லை. நானும் அதையேதான் ஒரு வாரம் கேட்டுக்கொண்டிருந்தேன். உரிமை என்று பார்த்தால் அவளுடையது, உழைப்பு என்று பார்த்தால் என்னுடையது. இது யாருக்கும் தெரியாது, கேட்பாரும் இல்லை. ஒரு கையெழுத்துப் போட்டால் போதும். அந்த ஒரு வாரம் நான் அடித்த காகிதங்களில் எல்லாம் பிழை. ஒரு குமாஸ்தா வந்து, வாதி பெயரைப் பிரதிவாதிக்குப் போட்டிருக்கிறாய், உடம்பு சரியில்லையா தாயி என்று கேட்டார். என்னால் ஒழுங்காகச் சாப்பிடவும் முடியவில்லை. பணம் வராத காலத்தில்கூட நான் அப்படி இருந்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் குடத்தையும் உயிலையும் ஒரு கட்டைப்பையில் போட்டுக்கொண்டு கிளம்பினேன். வீட்டுக்காரர் எங்கே என்று கேட்கவில்லை, பையைப் பார்த்தாலே தெரிந்திருக்கும். பெரியார் பஸ் ஸ்டாண்டில் திருமங்கலம் பஸ் ஏறிக் கப்பலூரில் இறங்கினேன். கண்டக்டர் குடத்துக்கும் டிக்கெட் போடவா என்று கேட்டார். நான் இருந்த இருப்பில் அதுக்குச் சிரிக்கக்கூட வரவில்லை.

சின்னவள் வீட்டுக்கு அதற்கு முன் நான் ஒரே ஒரு முறைதான் போயிருக்கிறேன். தொழிற்பேட்டைக்குப் பின்னால் வரிசையாக இருக்கும் ஷீட் போட்ட வீடுகளில் ஒன்று. அவள் வீட்டுக்காரர் லேத் வேலை பார்த்த சின்னக் கம்பெனி மூடி ஆறு மாதம் ஆகியிருந்தது. இவள் பக்கத்தில் ஒரு பாக்கெட் போடுகிற கம்பெனிக்குப் போய்க் குடும்பத்தை ஓட்டிக்கொண்டிருந்தாள். இதெல்லாம் எனக்குக் காதில் விழுந்ததுதான். விழுந்தும் போய்ப் பார்க்கவில்லை.

என்னைப் பார்த்ததும் அவள் முகம் ஒரு மாதிரி ஆனது. வாங்கக்கா என்றாளே தவிர, வழக்கமான சிரிப்பு இல்லை. நல்லவேளையாக அவள் வீட்டுக்காரர் வெளியே போயிருந்தார். நான் உட்காரக்கூட இல்லை. குடத்தை எடுத்துத் தரையில் வைத்து, எழுத்து தெரிகிற மாதிரித் திருப்பி, கிளார்க் கேட்டதில் இருந்து எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். அத்தை வீடு உன்னுடையது, நான் எடுக்கப் பார்த்தேன் என்று சொல்லி முடித்தேன்.

அவள் ஆச்சரியப்படுவாள் என்று நினைத்திருந்தேன். அவள் குடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்குத் தெரியும்க்கா. உயில் எழுதிட்டு வந்த அன்னைக்கே அத்தை சொல்லுச்சு. பதினாறாம் நாள் அம்புட்டுப் பேரும் ஒங்களப் பார்த்தாங்க, நீங்க மட்டும் என்னயப் பார்க்கல. தெரிஞ்சுதான் பார்க்காம இருக்கீங்கன்னு நெனச்சுட்டேன்."

அந்த வார்த்தை இன்றைக்கும் என்னை உலுக்கும். தெரியாது என்று சத்தியம் செய்ய வாய் வந்தது. ஆனால் அன்றைக்கு நான் ஏன் அவளைப் பார்க்கவில்லை என்று எனக்கே தெரியாதபோது எதைச் சொல்லிச் சத்தியம் செய்வது? அவள் உள்ளே போய் அரிசி டப்பாவுக்கு அடியில் இருந்து ஒரு காகிதத்தை எடுத்துவந்தாள். எனக்கு அனுப்ப இருந்த வக்கீல் நோட்டீஸின் முன்நகல். அவள் வீட்டுக்காரர் விஷயம் கேள்விப்பட்டு ஒரு வக்கீலைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார். கீழே அவள் சம்மதக் கையெழுத்துப் போட்டால்தான் அது என் வீட்டுக்கு வரும். பார்க்கிறேன் பார்க்கிறேன் என்று இரண்டு வாரமாக இழுத்தடித்துக்கொண்டிருந்திருக்கிறாள். நாளைக்குக் கடைசி என்று முந்தின நாள்தான் வீட்டில் சண்டை நடந்திருக்கிறது.

நான் என் பையைத் திறந்து அந்த ஸ்டாம்ப் பேப்பரை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தேன். இரண்டிலும் மீனாட்சி, இரண்டிலும் கையெழுத்து இல்லை. இன்னும் ஒரு நாள் தள்ளிப் போயிருந்தால் நானும் அவளும் கோர்ட் வராந்தாவில் ஆளுக்கொரு தூணைப் பிடித்துக்கொண்டு நின்றிருப்போம். அதுவும் என் கடைக்கு எதிர்த்தாற்போல. என் புத்தி அந்த நேரத்திலும் போகவில்லை பாருங்கள், அந்த நோட்டீஸில் மூன்று எழுத்துப்பிழை இருப்பதைச் சொன்னேன். எங்கடி அடித்தீர்கள் இதை என்று கேட்டேன். அவள் சிரித்துவிட்டாள். பிறகு அழுதாள். அழுகையில் நானும் சேர்ந்துகொண்டேன்.

காபி போட்டுக் கொடுத்துவிட்டு, உயிலைக் காட்டச் சொன்னாள். பெயர் இருந்த வரியில் விரலை வைத்தாள். அத்தை சொல்லச் சொல்ல, பத்திரம் எழுதுகிறவர் தமிழில் கையால் எழுதியது அது.

"அந்தப் புள்ளிய எடுத்துட்டு வாசிங்கக்கா. அத்தை 'என் மீனாட்சி'ன்னுதான் சொல்லுச்சோ என்னமோ. எழுதுனவருக்கு இனிஷியல்னு கேட்டிருக்கும்."

வாசித்துப் பார்த்தேன். எனது இளைய சகோதரர் மகள், என் மீனாட்சிக்கு.

எங்கள் அத்தை அப்படிக் கொஞ்சிப் பேசுகிற ஆள் இல்லை. 'என் மீனாட்சி' என்று உயிரோடு இருந்தவரை எங்கள் இருவரையுமே சொன்னதில்லை. அது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். ஆறு மாதமாகச் சம்பளம் வராத வீட்டில் உட்கார்ந்துகொண்டு, சட்டப்படி தனக்கு மட்டும் சேர வேண்டியதை எனக்கும் பாதி கொடுப்பதற்கு அவள் ஒரு காரணம் தேடினாள், அவ்வளவுதான். நான் வேண்டாம் என்று மறுத்தேன். பார்த்துக்கொண்டதற்குக் கூலி வாங்கின மாதிரி ஆகிவிடும் என்றேன். அப்போதுதான் கோபப்பட்டாள். நான் ஒன்றும் கூலி கொடுக்கவில்லை, அத்தைக்கு நான் செய்ய வேண்டியதையும் சேர்த்து நீங்கள் செய்தீர்கள், எனக்கு மட்டும் வாய் நிறையச் சோறு இறங்குமா என்று கேட்டாள். கொஞ்ச நேரம் நீ, நான் என்று இழுபறி. கடைசியில் டெபாசிட் முழுக்க அவளுக்கு, வீட்டில் பாதி எனக்கு என்று முடிவானது. அதற்குக் குறைந்து அவளும் இறங்கவில்லை, அதற்கு மேல் நானும் ஏறவில்லை.

திரும்பி வரும்போது ஜன்னலோர சீட் கிடைத்தது. ஒரு வாரமாக மார்பில் உட்கார்ந்திருந்தது எந்த இடத்தில் இறங்கிப் போனது என்று தெரியவில்லை. திருப்பரங்குன்றம் தாண்டும்போது நல்ல பசி எடுத்தது. பஸ் ஸ்டாண்டில் இறங்கி, குடத்தைப் பக்கத்து நாற்காலியில் வைத்துவிட்டு, தனியாக உட்கார்ந்து இரண்டு தோசை சாப்பிட்டேன். பத்து லட்சத்தில் பெரும்பகுதி கையைவிட்டுப் போய்விட்டது, ஆனால் ஏதோ கிடைத்துத் திரும்பியவள் போல இருந்தேன். வீட்டுக்காரரிடம் நடந்ததைச் சொன்னதும் கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்தார். பிறகு, நமக்குக் கீழ்வீடா மாடியா என்று மட்டும் கேட்டார். எனக்கு அந்த மனிதரை அன்றைக்கு ரொம்பப் பிடித்தது.

சின்னவள் முதலில் வீட்டைத் தன் பெயருக்கு மாற்றிக்கொண்டு, பிறகு பாதியை எனக்கு எழுதிக் கொடுத்தாள். சித்தப்பா சாட்சிக் கையெழுத்துப் போட்டார். தான்தான் தப்பாக வாசித்துவிட்டோம் என்று அவருக்கு ஏக வருத்தம். அந்தப் பத்திரத்தை வேறு யாரையும் தொடவிடாமல் நானே அடித்தேன். கே. மீனாட்சி ஆகிய நான், ஆர். மீனாட்சிக்கு எழுதிக் கொடுத்தது. ரிஜிஸ்டர் ஆபீஸில் மீனாட்சி யாரும்மா என்று கூப்பிட்டதும் நாங்கள் இருவரும் எழுந்தோம். எங்களுக்குப் பின்னால் வேறு வேலையாக வந்திருந்த ஒரு அம்மாளும் எழுந்தார்.

தை மாதம் கீழ்வீட்டுக்குக் குடிபோனோம். மாடியை வாடகைக்கு விட்டு அந்த வாடகையை அவள் வாங்கிக்கொண்டாள். டெபாசிட் பணத்தில் அவள் வீட்டுக்காரர் பழைய லேத் ஒன்று வாங்கிப் போட்டார், மெல்லத் தலையெடுத்துவிட்டார்கள். முன்னறையில் எனக்கும் ஒரு மெஷின் வந்தது. இரண்டுக்கு ஆசைப்பட்டேன், ஒன்றே ஓயாமல் ஓடியது.

பால் காய்ச்சிய அன்று அவள் ஒரு எவர்சில்வர் சொம்பு கொண்டுவந்து கொடுத்தாள். வழக்கப்படி பெயர் வெட்டியிருந்தது. பாத்திரக்கடைக்காரர், இனிஷியலுக்குப் பின்னால் புள்ளி வேண்டாமா என்று இரண்டு தடவை கேட்டாராம். வேண்டாம் அண்ணே, சொன்னது சொன்னபடி வெட்டுங்கள் என்று நின்று வாங்கி வந்திருக்கிறாள். வாங்கிப் பார்த்தேன். 'என் மீனாட்சிக்கு' என்று இருந்தது.

அத்தை கொடுத்த குடமும் அவள் கொடுத்த சொம்பும் இன்றும் என் சமையலறையில் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. சொம்பைத் தேய்க்கும்போதெல்லாம் என் டைப்பிஸ்ட் கண் அந்த எழுத்துக்குப் பின்னால் ஒரு புள்ளியைத் தேடும், அது அங்கே இல்லை என்று பார்த்ததும் அன்றைக்குக் கப்பலூர் பஸ்ஸில் வந்த அதே நிம்மதி எனக்குத் திரும்பவும் வரும்.